பேனா மருந்து

அந்தப் பையை மேல வைக்காதீங்க தம்பி, பிரேக் அடிச்சா யாரு தலையிலயாவது விழும். மடியிலயே வச்சுக்கிடுங்க. எனக்கு எடம் காணும். நகந்து உக்காருதேன்.

மருந்துக் கம்பெனியா? நெனச்சேன். இந்த வெயில்ல சட்டையை இன் பண்ணி, ஷூவும் டையுமா ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல வேற யாரு நிக்கப் போறா. எந்தக் கம்பெனி? அப்படி ஒரு கம்பெனி நான் கேள்விப்பட்டதில்லையே. நம்ம நாட்டுக் கம்பெனியா? சரி, அப்ப உங்ககிட்டப் பேசலாம். அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரனா இருந்திருந்தா, சத்தியமாச் சொல்லுதேன், எந்திரிச்சுப் போய் டிரைவர் பக்கத்துல இன்ஜின் மேல உக்காந்திருப்பேன். இல்ல, உங்க டையைப் புடிச்சிருப்பேன். ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கும்.

கோவப்படாதீங்க. உங்க மேல இல்ல. உங்க மேலயும் கொஞ்சம் இருக்கு, அது போகட்டும்.

எம்பேரு ஆறுமுகநயினார். சங்கரன்கோவில். மின்சார வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். எதுக்குச் சொல்லுதேன்னா, பொதுஜனத்துக்கு பதில் சொல்லுற வேலை பாத்தவன் நான். மழைக்காலத்துல நடுத்தெருவுல நிறுத்தி வச்சு வஞ்சிருக்காங்க. கரண்ட்டைப் புடுங்கிட்டுப் போனியேன்னு பொம்பளையாளு வெளக்குமாத்தோட வந்திருக்கா. ஒரு நாளும் ஓடி ஒளிஞ்சதில்ல. ஒரு தெருவுக்கு ஒரு நாள் கரண்ட்டை நிறுத்தணும்னா முந்தின நாளே பேப்பர்ல போடுவோம் தம்பி. பராமரிப்புப் பணி காரணமா நாளை மின்தடை, இன்ன இன்ன ஊரு, காலையில நிறுத்துவோம், சாயங்காலம் குடுப்போம். மாவு அரைக்கிறவ முந்தின நாளே அரைச்சு வச்சுக்கிடுவா. தொட்டியில தண்ணி ஏத்துறவன் ஏத்திக்கிடுவான். மாவுக்கே முன்கூட்டிச் சொல்லணும்னு ஒரு மொறை இருக்கு. உயிருக்கு இல்ல பாத்தீங்களா! அந்தக் கம்பெனிக்காரன் ஒரு வரி போடல.

என்னத்தை நிறுத்தினான்னு கேக்கியளா? இன்சுலின். பேனாவுல போடுற இன்சுலின்.

எனக்கு ஒரே பொண்ணு, சுபாஷிணி. ஆறாப்பு படிக்கையில திடீர்னு மெலிஞ்சா. தண்ணி தண்ணின்னு குடிச்சா. மண்பானையில மொகந்து மொகந்து குடிக்கா, ராத்திரி பூராவும் பாத்ரூம் போறா. என் வீட்டுக்காரி செண்பகவல்லி, பிள்ளைக்கு யாரோ கண்ணு வச்சுட்டாவன்னு திருநீறு போடக் கூட்டிட்டுப் போனா. நாலஞ்சு நாள்ல பிள்ளை பேச்சு மூச்சில்லாமப் போயிட்டு. பாளையங்கோட்டைக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்கதான் ஜெசிந்தான்னு ஒரு டாக்டரம்மா. நல்ல மனுஷி. அவங்கதான் சொன்னாவ, இது வயசானவங்களுக்கு வார சுகர் இல்ல, பிள்ளைங்களுக்கு வாரது, உடம்புல இன்சுலினே சுரக்காது, மாத்திரை கேக்காது, சோத்துக்கு முன்னால ஊசி போட்டே ஆகணும், ஆயுசுக்கும்.

ஆயுசுக்கும்னு கேட்டதும் நான் அங்க இருந்த பெஞ்சுல உக்காந்துட்டேன். பொம்பளைப் பிள்ளை தம்பி. நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளை.

அப்பதான் டாக்டரம்மா அந்தப் பேனாவைக் காட்டினாவ. நீங்க பாத்திருப்பிய. மை ஊத்துற பேனா மாதிரியே இருக்கும். நீலக் கலரு, மூடி போட்டது. உள்ள மருந்துக் குழாய் இருக்கும், தீந்தா மாத்திக்கிடலாம். அடியில திருகினா அளவு நிக்கும், நுனியில மயிரு மாதிரி ஒரு ஊசி. அதைக் கையில வாங்கின பெறகுதான் எனக்கு உயிரு வந்துது. ஏன்னா, பாக்குறவனுக்குத் தெரியாது பாருங்க! ஜாமெட்ரி பாக்ஸுக்குள்ள காம்பஸோட காம்பஸா கெடக்கும். மத்தியானம் பாத்ரூமுக்குப் போயி கதவைச் சாத்திக் குத்திக்கிட்டு வந்துருவா. வாத்தியார்மாருக்குத் தெரியாது, கூடப் படிக்கிற பிள்ளைங்களுக்குத் தெரியாது, அடுத்த வீட்டுக்குத் தெரியாது. என் கூடப் பொறந்த அண்ணனுக்கே தெரியாதுன்னா பாத்துக்கிடுங்க. அப்படிக் காப்பாத்தினேன் அவளை. கம்பெனிக்காரனை அந்தக் காலத்துல நான் கும்பிட்டிருக்கேன் தம்பி, பொய் சொல்லல. எந்த தேசத்துக்காரனோ, நம்ம பிள்ளை மானத்துக்கும் சேத்து ஒரு மருந்து செஞ்சிருக்கானேன்னு.

பிள்ளை நல்லாப் படிச்சா. கணக்குல பி.எஸ்சி., பி.எட். நம்மூரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்துலயே வேலை. போன வருஷம் ஒரு சம்பந்தம் அமைஞ்சுது. கோவில்பட்டி. மாப்பிள்ளை பேரு கைலாசம், ஓசூர்ல ஒரு ஃபேக்டரியில இன்ஜினியர். அடக்கமான பையன். அவங்கம்மா சண்முகவடிவு தனி மனுஷியா நின்னு பிள்ளையை ஆளாக்கினவ. எல்லாம் பொருந்தி வந்துது. சுகர் விஷயமா? சொல்லல. சொல்லுவாங்களா தம்பி? நீங்களே சொல்லுங்க. கல்யாணம் முடியட்டும், ஒரு நல்ல நாள் பாத்துப் பக்குவமாச் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். செண்பகவல்லிதான் மொணமொணத்தா. "பையன்கிட்ட மட்டுமாவது சொல்லிருவோம்"னா. சுபாவும் சொன்னா. "நானே சொல்லுதேன்பா, அவரு நம்பர் இருக்கு"ன்னா. நீ சும்மா இரு, அப்பா இருக்கேன்ல, அப்படின்னு அடக்கி வச்சேன். அனுபவம் இல்லாத பிள்ளைங்க.

நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு. அந்த நேரம் பாத்துதான் இடி விழுந்துது.

எங்களுக்கு மருந்து குடுக்குறது செல்லத்துரை மெடிக்கல்ஸ். ரகசியமா ஒரு காக்கிக் கவர்ல போட்டுக் குடுப்பான். அந்த மாசம் போறேன், கையை விரிக்கான். "ஸ்டாக் வரல அண்ணாச்சி." சரி, அடுத்த வாரம் போறேன். "வரல அண்ணாச்சி." திருநெல்வேலியில மொத்த ஏஜென்ட்டுக்கு போன் போடுடான்னேன். எதுக்க நிக்கும்போதே போட்டான். பேசிட்டு போனை வச்சவன் மொகமே சரியில்ல.

"இனிமே வராதாம் அண்ணாச்சி. பேனா மருந்தைக் கம்பெனி நிறுத்திட்டானாம்."

"நிறுத்திட்டான்னா? மருந்துல ஏதும் கோளாறா?"

"கோளாறெல்லாம் இல்ல. லாபம் பத்தலையாம். இப்ப மெலியறதுக்கு ஒரு ஊசி வந்திருக்குல்லா, வாரத்துக்கு ஒண்ணு போடுறது, அதுக்கு உலகம் பூரா அடிதடியாம். இந்தப் பேனா செஞ்ச எடத்துல இப்ப அதைத்தான் அடைக்கானாம். ஏஜென்ட் அப்படித்தான் சொல்லுதாரு."

எனக்கு மொதல்ல புரியல தம்பி. மெலியறதுக்கா? எம்பிள்ளை இந்த மருந்து இல்லாமத்தான் மெலிஞ்சா, எலும்பும் தோலுமா. மெலியணும்னு ஒருத்தன் காசு குடுத்து ஊசி போடுதானா? அவனுக்காக எம்பிள்ளை ஊசியை நிறுத்துதானா?

கம்பெனிக்கு ஒரு இலவச நம்பர் இருக்கு. போட்டேன். ஒரு பொண்ணு பேசுது, தேனா வழியுது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்." முக்கியம்னா பதில் சொல்லும்மான்னேன். பதிவு பண்ணிக்கிட்டோம்னு சொல்லுது. மறுநாள் போட்டேன், வேற பொண்ணு, அதே தேன். பெறகு போட்டா இந்திப் பாட்டு ஓடுது. நானும் பல வருஷம் கம்ப்ளைன்ட் வாங்கினவன்தான், ஆனா பாட்டுப் போட்டு ஆளை விரட்டத் தெரியல எனக்கு.

வேற கம்பெனி பேனா இல்லையான்னு கேக்கியளா? இருக்கு. செல்லத்துரையும் ஆர்டர் போட்டுத்தான் இருந்தான். ஆனா இவன் நிறுத்தினதும் ஊரு பூராவும் அது மேல பாஞ்சுட்டு, அதுவும் தட்டுப்பாடு. வரும், வரும்னான். நிச்சயம் நெருங்குது, மருந்து வரல. வீட்டுல கெடந்தது கடைசிக் குழாய்.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். அவங்க ரொம்ப லேசாச் சொன்னாவ. "ஆறுமுகநயினார் சார், பயப்படாதீங்க. குப்பியில அதே இன்சுலின் இருக்கு. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில சும்மாவே குடுக்காங்க. சிரிஞ்சுல எடுத்துப் போட்டுக்கிடணும். அளவு வேற மாதிரி இருக்கும், சுபாவை ஒரு நாள் அனுப்புங்க, சொல்லித் தாரேன். ஆனா ஒரு வேளைகூட விடக் கூடாது."

எப்படி லேசாச் சொல்லிட்டாவ பாருங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில வரிசை எங்க நிக்கும் தெரியுமா? மெயின் ரோட்டைப் பாத்து நிக்கும். அதுவும் போகட்டும், அங்க மருந்து குடுக்குறது யாரு? மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்! பால்வண்ணம்னு பேரு. அவரு கையால எம்பிள்ளை இன்சுலின் குப்பி வாங்கவா? சரி, செல்லத்துரை கடையிலயே குப்பி இருந்துது, "இதைக் கொண்டு போங்க அண்ணாச்சி"ன்னு எடுத்து நீட்டினான். நான் வாங்கல. குப்பியும் சிரிஞ்சுமா டீச்சரம்மா பள்ளிக்கூடத்துல உக்காந்து உறிஞ்சி உறிஞ்சிக் குத்திக்கிட்டா என்ன நெனப்பாங்க? போதை ஊசின்னு நெனப்பாங்க தம்பி. நிச்சயத்துக்குச் சொந்தக்காரங்க வந்து தங்குற வீட்டுல, ஃப்ரிட்ஜைத் தொறந்தா குப்பி, குப்பைக்கூடையைப் பாத்தா சிரிஞ்சு. எப்படி மறைக்க?

நான் என்ன சொன்னேன்? கடைசிக் குழாய் இருக்குல்லா, அதை நிச்சயம் முடியுற மட்டும் வச்சுச் சமாளின்னேன். கொஞ்சம் கொறச்சுப் போட்டுக்க, சோத்தைக் கொறச்சுக்க, அதுக்குள்ள புதுப் பேனா வந்துரும்னேன். இதுல என்ன தப்பு இருக்கு? அவ என் மொகத்தையே பாத்தா. பெறகு சரிப்பான்னா. அவ கணக்கு டீச்சர், அவளுக்குத் தெரியாத கணக்கா?

நானும் சும்மா உக்காந்திருக்கல. ஒரு நாள் பேப்பர்ல பாக்கேன், பாளையங்கோட்டையில சர்க்கரை நோய் விழிப்புணர்வு நடைப்பயணம்னு போட்டிருக்கான். நடத்துறது யாருன்னு பாத்தா, அதே கம்பெனி! மொத பஸ்ஸைப் புடிச்சுப் போயிட்டேன். மைதானத்துல பலூனு, பேண்ட் வாத்தியம், எல்லாருக்கும் வெள்ளை பனியன், நீலத் தொப்பி. மேடையில ஏரியா மேனேஜராம், உங்கள மாதிரியே சின்னப் பையன், "உங்கள் ஆரோக்கியமே எங்கள் லட்சியம்"னு பேசுதான். நான் வரிசையை விலக்கிட்டு நேரா மேடைக்குப் போயி மைக்கைப் புடுங்கிட்டேன்.

"யப்பா, பேனா மருந்தை ஏன் நிறுத்தின? அதுக்கு மட்டும் பதில் சொல்லு, பெறகு நடப்போம்"னேன்.

அவன் சிரிச்ச மொகம் மாறாமச் சொல்லுதான், "சார், அது உலகளாவிய முடிவு. எங்க கையில இல்ல."

"உலகத்துல சங்கரன்கோவில் இல்லையா? யாரைக் கேட்டு முடிவெடுத்தான்? என்கிட்டக் கேட்டானா?"

"சார், மருந்தை நிறுத்தல. குப்பியில கெடைக்குது. அதே மருந்துதான் சார்."

டாக்டரம்மா சொன்னதையே சொல்லுதான் பாருங்க, எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி. எனக்கு வந்த கோவத்துல, "உன் வீட்டுப் பொண்ணுக்கு அந்தக் குப்பியைக் குடுப்பியா?"ன்னு கேட்டேன். அவன் என்ன சொன்னான்னு கேக்குறதுக்குள்ள மைக்கை ஆஃப் பண்ணிட்டாங்க. ரெண்டு பேரு வந்து ரொம்ப மரியாதையா என் தோளை அணைச்சு எறக்கிவிட்டு, கையில ஒரு தொப்பியையும் திணிச்சு, மோர் குடுத்து அனுப்பினாங்க. கூட்டத்துல ஒரு அம்மா மட்டும் பின்னாலயே ஓடி வந்தா. கைக்குழந்தை மாதிரி ஒரு சின்னப் பயலைத் தூக்கி வச்சிருந்தா. "அண்ணாச்சி, உங்க மகளுக்கும் இதே மருந்தா? எம்மவனுக்கும் இதுதான். உங்க நம்பர் குடுங்க, நாம சேந்து கேப்போம்"னா. நான் குடுக்கல. எனக்குத்தான் சுகர்னு சொல்லிட்டு வந்துட்டேன். முன்ன பின்ன தெரியாத ஊருல எதுக்கு?

நிச்சயத்துக்கு மொத நாள் சொந்தமெல்லாம் வந்து எறங்கிச்சு. செண்பகவல்லிக்குத் தங்கச்சி ஒருத்தி, தங்கபுஷ்பம், மெட்ராஸ்ல அண்ணாநகர். அவ வீட்டுக்காரருக்கு கிரானைட் பிசினஸ். வாசல்ல கார் நிக்குது, எறங்குறவளைப் பாத்தா எனக்கு அடையாளமே தெரியல. போன பொங்கலுக்கு வந்தப்ப ஆட்டோவுல பாதி சீட்டை அடைச்சவ, இப்ப முருங்கைக்காய் மாதிரி நிக்கா. பொம்பளையளெல்லாம் சுத்திக்கிட்டாங்க. எப்படி எப்படின்னு. அவ சிரிச்சுக்கிட்டே கைப்பையில இருந்து ஒரு பேனாவை எடுத்தா. "வாரத்துக்கு ஒரு ஊசி. அக்கா, இதை ஃப்ரிட்ஜ்ல வச்சிரு"ன்னு குடுத்தா.

நான் தண்ணி எடுக்க ஃப்ரிட்ஜைத் தொறக்கேன். கதவுல முட்டை வைக்கிற எடத்துல அது இருக்கு. நீலப் பேனா. அதே கம்பெனி முத்திரை. எம்பிள்ளை மருந்து இருந்த அதே எடத்துல, அந்த எடம் காலியாக் கெடந்துதுல்லா, அங்க கால் நீட்டிப் படுத்திருக்கு.

எடுத்துட்டுப் போயி கூடத்துல அத்தனை பேருக்கு முன்னால அவ மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். "இது என்ன தெரியுமா உனக்கு? திங்கிறதைக் கொறச்சா மெலிஞ்சுட்டுப் போற. உன் இடுப்பு சிறுக்கணும்னு ஒலகத்துல எத்தனை பேரு உயிரு ஊசலாடுது தெரியுமா?"ன்னு கத்திட்டேன்.

அவ மொகம் செத்துப் போச்சு. ஆனா அவளும் லேசுப்பட்டவ இல்ல. "அத்தான், என்ன பேசுதிய? மாடிப்படி ஏற முடியாம நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? முட்டியில ஆபரேஷன்னு நாள் குறிச்சிருந்தாங்க. டாக்டர் எழுதிக் குடுத்த மருந்து இது. யாரு உயிரை நான் எடுத்தேன்? சொல்லுங்க, யாரு உயிரு?"ன்னு கேட்டா.

சொல்ல முடியுமா தம்பி? கூடம் பூராவும் ஆளு. வாசல் பக்கத்துல சுபா நிக்கா. அவ கண்ணு குழி விழுந்து கெடக்கு, பாக்கேன். யாரு உயிருன்னு நான் எப்படிச் சொல்ல? வெளிநாட்டுல யாரோ சாகுதாங்களாம், பேப்பர்ல போட்டிருந்தான்னு சொல்லிட்டு வெளிய போயிட்டேன். எல்லாரும் எனக்குப் பித்துப் புடிச்சுட்டுன்னு நெனச்சாங்க. பாருங்க, ஒரு நியாயத்தைக்கூட வாயத் தொறந்து கேக்க முடியாம வச்சுட்டான் என்னை, அந்தக் கம்பெனிக்காரன்.

மறுநாள் காலையில செண்பகவல்லி வந்து, "ஏங்க, பிள்ளை வாந்தி எடுக்குது, வயிறு வலிக்குங்கா, டாக்டரம்மாகிட்டக் கேப்பமா"ன்னா. எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடு, பதட்டத்துல வாரதுன்னேன். மண்டபத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தட்டோட உக்காந்துட்டாங்க பாருங்க.

பட்டுச்சேலை கட்டி, பூ வச்சு, கூட்டிட்டு வந்து உக்கார வச்சாங்க. தட்டு மாத்துற நேரம். மூச்சு வாங்குதா அவ. ஓடி வந்தவ மாதிரி, ஆழமா, ஆழமா. பக்கத்துல உக்காந்திருந்த சண்முகவடிவு அம்மா, "என்னத்தா செய்யுது?"ன்னு தோளைத் தொடுதா. அப்படியே அந்த அம்மா மடியில சாஞ்சவதான். பூவும் சந்தனமும் தட்டோட கவுந்துட்டு.

கைலாசம்தான் தூக்கினான். ஆம்புலன்ஸுக்குக் காத்துக்கிட்டு இருக்காம தங்கபுஷ்பத்தோட கார்ல போட்டுட்டுப் போனோம். எங்க போனோம்? அதே கவர்மென்ட் ஆஸ்பத்திரி. பெரிய டாக்டருகூட இல்ல, பயிற்சி முடிச்ச சின்னப் பொண்ணு ஒண்ணு டூட்டியில. மூச்சை மோந்து பாத்துச்சு. பழம் அழுகின வாசனை வரும் தம்பி, எனக்கு அது பழைய நாள்லயே தெரியும். நிமுந்து கூட்டத்தைப் பாத்துக் கேக்குது, சத்தமா: "சுகர் பேஷன்ட்தானே? கடைசியா இன்சுலின் எப்பப் போட்டாங்க?"

எல்லாரும் என்னையப் பாக்காங்க. செண்பகவல்லிதான் அழுதுக்கிட்டே, "ஆறாப்புல இருந்து இருக்கும்மா. மருந்து கெடைக்காம கொஞ்ச நாளா பாதிதான் போடுதா"ன்னு அத்தனையும் கொட்டிட்டா. அந்தப் பால்வண்ணம், தாய்மாமன்னு சொன்னேன்லா, அவரு பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மருந்து ரூமுக்கு ஓடுனாரு. குப்பியோட வந்தவரு பெறகு அந்தக் கட்டிலை விட்டு நகரல. சலைன் பாட்டிலைப் பாத்துக்கிட்டே நின்னாரு. என்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாரு. "இங்க ஃப்ரிட்ஜ் நெறைய இந்த மருந்துதான் இருக்கு, சார்."

பிள்ளை பொழச்சுட்டா. அம்மன் புண்ணியம்.

மூணாம் நாள் சண்முகவடிவு அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தா. ஆப்பிள் வாங்கிட்டு வரல, சுகருன்னு யோசிச்சு ரெண்டு எளநி... அதுவும் ஆகாதுன்னு நர்சு சொல்ல, மோரு வாங்கிக் குடுத்தா. சுபா தலையைத் தடவிக் குடுத்தா. பெறகு என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லுதா: "உங்க பிள்ளைக்கு சுகரு இருக்குன்னு நான் வேண்டாங்கல. எம்மவனும் வேண்டாங்கல. சாகக் கெடந்தப்பக்கூட ஒளிச்சியளே, அதான் எனக்கு ஈரக்கொலை நடுங்குது. நாளைக்கு எம்மவனுக்கு ஒண்ணுன்னாலும் இப்படித்தானே ஒளிப்பிய. இந்த சம்பந்தம் சரிப்படாது."

சாக்கு! எல்லாம் சாக்கு தம்பி. சுகர்னதும் பின்வாங்கிட்டா, அதை நேராச் சொல்லத் தைரியம் இல்ல. நல்ல சம்பந்தம் போச்சு. மானம் போச்சு. மண்டபத்துல எல வரிசை அப்படியே கெடந்துது. எல்லாம் எவனால? எங்கயோ ஒரு கண்ணாடி மாளிகையில உக்காந்து, இந்த மருந்து வேண்டாம், அந்த மருந்து செய்வோம்னு சொன்னானே, அவனால. அவன் எம்பிள்ளை மூஞ்சியைப் பாத்திருப்பானா? பேரு தெரியுமா அவனுக்கு? அவன் காசுக்காகச் செய்யுதான், ஒலகம் அவனை டாக்டருக்கு மேல வச்சுக் கும்பிடுது.

எங்க வந்துட்டோம்? கல்லுப்பட்டியா? இன்னும் நேரம் இருக்கு. இந்தாங்க, கடலை சாப்பிடுங்க.

இப்ப மதுரைக்குத்தான் போறேன். இன்னைக்கு அந்தக் கம்பெனி குடோன் வாசல்ல போராட்டம். பேனா மருந்து நின்னு போன பிள்ளைங்க, அவங்களைப் பெத்தவங்க, எல்லாரும் சேந்து உக்காருதாங்க. யாரு கூட்டினதுன்னு நெனைக்கிய? எம்பொண்ணு சுபா! பாளையங்கோட்டையில என் பின்னால ஓடி வந்தாளே ஒரு அம்மா, அவ நான் மைக்குல சொன்ன ஊரு பேரை வச்சு எப்படியோ இவளைக் கண்டுபுடிச்சுட்டா. ரெண்டு பேரும் சேந்துதான். சுபா இப்ப மதுரையில ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பாக்கா, ஹாஸ்டல்ல தங்கியிருக்கா. வகுப்புல பிள்ளைங்களுக்கு முன்னாலயே மேசை மேல குப்பியை வச்சு, சிரிஞ்சுல எடுத்து, வயித்துல குத்திக்கிடுதாளாம். பிள்ளைங்களுக்கு அதை வச்சு அளவு கணக்கு நடத்துதாளாம். எனக்கு அதைக் கேட்டதும் ஒடம்பு கூசிட்டு. ஆனா போராட்டம் பண்ணுதா பாருங்க, அது என் ரத்தம். மைக்கை மொதமொதல்ல புடுங்கினவன் நான்தானே. ஆனா அம்மாகிட்டச் சொல்லியிருக்கா: "அப்பா வரணும்னா வரட்டும். பேச மட்டும் வேண்டாம்." எப்படி இருக்கு? அந்தக் கம்பெனியால அதிகம் இழந்தவன் நான். எனக்குப் பேச்சு கிடையாதாம்!

என்கூடப் பேசுறதில்ல அவ. ஊரை விட்டுப் போன நாள்ல இருந்தே இல்ல.

ஏன்னு கேக்கியளா? எனக்குத் தெரியாது தம்பி. சண்டையெல்லாம் ஒண்ணும் போடல. அன்னைக்குப் பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்தா. சேலைக்கெல்லாம் மேல சிரிஞ்சு டப்பாவை வச்சா, கண்ணாடி மாதிரி டப்பா. எம்மா, அதைக் கீழ வச்சு மூடு, பஸ்ல எல்லாரும் பாப்பாங்கன்னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்? அவ அடுக்குறதை நிறுத்திட்டு என்னைய நிமுந்து பாத்தா. கோவமெல்லாம் இல்ல. சாதாரணமா, பாடத்துல சந்தேகம் கேக்குற பிள்ளை மாதிரி கேட்டா.

"அப்பா, அன்னைக்கு நான் செத்துப் போயிருந்தா, ஊருக்கு என்னன்னு சொல்லியிருப்பிய?"

பெத்தவன்கிட்டக் கேக்குற கேள்வியா அது? அவ பெட்டியை மூடிட்டா.

பதிலா? அப்ப வரல. பெறகு பல நாள் யோசிச்சேன், ராவும் பகலும் அதே நெனப்பு. உங்ககிட்டச் சொல்லுறதுக்கு என்ன. மாரடைப்புன்னு சொல்லியிருப்பேன் தம்பி. வேற என்னத்தைச் சொல்ல? இப்பவெல்லாம் சின்ன வயசுலயே வரத்தானே செய்யுது. ஒருத்தரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டாங்க.

ஒரு தகப்பனை உக்காந்து இதையெல்லாம் யோசிக்க வச்சுட்டானே அந்தக் கம்பெனிக்காரன், அதைத்தான் தம்பி என்னால பொறுக்க முடியல.